சுருளியின் பெயரில் ஒரு பாட்டில்

என் மாமியார் இருளாயிக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னபோது, கூடவே இரண்டு பாட்டில் ரத்தத்துக்கு ஆள் கூட்டி வரச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி தன் இருப்பிலிருந்து நோயாளிக்கு ரத்தம் ஏற்றும். அதற்கு ஈடாக வீட்டு ஆட்கள் வந்து கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஒரு பாட்டிலை மாமியாரின் அண்ணன் மகன் ராஜபாண்டி கொடுத்துவிட்டான். இரண்டாவது பாட்டிலை யார் கொடுப்பது என்று வீட்டில் பேச்சே வரவில்லை. பெற்ற மகன் சுருளி இருக்கும்போது அதில் பேச என்ன இருக்கிறது?

சுருளி என் மனைவி திவ்யாவின் தம்பி. இருபத்தாறு வயது, உசிலம்பட்டியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். தோளும் மார்புமாகப் பார்க்க ஆள் நன்றாகத்தான் இருப்பான். ஆனால் ஊசி என்றால் ஆகாது. கொரோனா தடுப்பூசி போட்ட அன்றைக்குப் பள்ளிக்கூட வராந்தாவில் கண் சொருகிச் சாய்ந்துவிட்டான். இந்தச் சங்கதி வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் அவன் சாய்ந்தது என் மேல்தான்.

அதனால் முதலில் நான் போனேன். அழகுபாண்டி என்றால் அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கெல்லாம் தெரியும். குட்டியானை என்கிற சின்ன லாரி ஓட்டுகிறேன். உசிலம்பட்டியைச் சுற்றி விளைகிற மல்லிகையையும் செவ்வந்தியையும் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்குவது தினப்படி வேலை. ரத்த வங்கியில் ஒரு பாரம் கொடுத்தார்கள். காமாலை வந்திருக்கிறதா, ஆபரேஷன் செய்திருக்கிறதா, மருந்து மாத்திரை சாப்பிடுகிறீர்களா, பச்சை குத்தியிருக்கிறீர்களா. கடைசிக் கேள்விக்கு நான் பெருமையாகச் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினேன். இடது கையில் 'திவ்யா' என்று இரண்டு பூவோடு குத்தியிருந்தேன். சித்திரைத் திருவிழாவில், அழகர் ஆற்றில் இறங்கிய அன்றைக்கு, சாலையோரத்தில் மிஷின் வைத்து உட்கார்ந்திருந்தவனிடம் குத்திக்கொண்டது. எனக்கு முன்னால் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். ஒரே ஊசியை ஒரு துணியில் துடைத்துத் துடைத்துக் குத்தினான். அன்றைக்கு அது என் கண்ணில் பட்டதே தவிர புத்தியில் படவில்லை.

"அஞ்சு மாசம்தான ஆச்சு. ஒரு வருசம் கழிச்சுத்தாண்ணே எடுப்போம்," என்று அங்கிருந்த ஊழியர் பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வெளியே டீக்கடையில் சுருளி வெளிறிப்போய் நின்றிருந்தான். உள்ளே வார்டில் சொந்தக்காரப் பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்துகொண்டு, மகன் ரத்தம் கொடுத்தானா கொடுத்தானா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு அடுத்த மாதம் பெண் வீட்டில் தேதி குறிக்கப் போகிறார்கள். இந்த நேரத்தில் பெற்ற தாய்க்கு ஒரு பாட்டில் கொடுக்கத் துப்பில்லாதவன் என்று பெயர் எடுத்தால் என்ன ஆவது? யோசனை என்னுடையதுதான். அதை யார் மேலும் தள்ள மாட்டேன்.

"ரெண்டு மணிக்கு இந்த ஆளுக மாறிருவாய்ங்க. ஒன் ஆதார் கார்டையும் சட்டையையும் குடு மாப்ள. நான் ஒன் பேர்ல குடுத்துட்டு வாரேன்."

"மச்சான், போட்டோ?"

"அந்தப் போட்டோவுல ஒன்னையப் பெத்த ஆத்தாளுக்கே ஒன்னைய அடையாளம் தெரியாது."

கழிப்பறையில் சட்டையை மாற்றிக்கொண்டோம். அவனுடையது முழுக்கை. வேறொரு ஆள் வேறொரு பாரம் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை என்று எழுதினேன். வலது கையைக் கொடுத்தேன். ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் குளிர்பானமும் சுருளி என்ற பெயரில் ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். வார்டில் அந்தக் காகிதத்தைப் பார்த்து மாமியார் அழுதார். என் மகன் ரத்தம் என் உடம்பில் ஓடப்போகிறது என்றார். திவ்யா என் கையைக் கிள்ளி, "எம்பேரக் குத்துறேன்னு போயி ஒரு பாட்டிலுக்கு ஆகாமப் போய்ட்டீங்களே," என்று சிரித்தாள். அவளுக்கு அப்போது ஆறாவது மாதம் தொடங்கியிருந்தது. எங்களுக்கு முதல் பிள்ளை. நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள திவ்யா பிறந்த வீட்டிலேயே தங்கினாள். நானும் வண்டியோடு அங்கேயே கிடந்தேன். மூன்றாவது வாரம், மாட்டுத்தாவணியில் செவ்வந்தி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது சுருளி கூப்பிட்டான்.

"மச்சான், ரத்த வங்கில இருந்து போன் பண்ணாய்ங்க. நான் குடுத்த ரத்தம் சம்பந்தமா நேர்ல வந்து பேசணுமாம்."

"எதுக்காம்?"

"கேட்டேன். போன்ல சொல்ல மாட்டாய்ங்களாம். பயப்படாம வாங்கன்னு சொன்னாங்க."

பயப்படாமல் வாருங்கள் என்ற வார்த்தையில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. நல்ல சேதி சொல்ல யாராவது அப்படிக் கூப்பிடுவார்களா? மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். போனில் சொல்லக் கூடாத நோய் என்று எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதன் பெயரை மனதுக்குள் சொல்லிப் பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை. சுருளியிடம் மட்டும் சத்தமாகச் சொன்னேன்: "திருப்பிக் கூப்பிட்டா எடுக்காத. அவிய்ங்களுக்கு வேற வேலை இல்ல."

இதைவிட மடத்தனமாக ஒரு மனிதன் பேச முடியாது. இருந்தும் பேசினேன். போய்க் கேட்டால் பதில் கிடைத்துவிடும். பதில் கிடைத்தால் திவ்யாவிடம் சொல்ல வேண்டும். என் ரத்தத்தில் ஏதோ இருக்கிறது என்றால், அவளுக்கும் வந்திருக்குமா, வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் போயிருக்குமா? இந்த ஒரு கேள்வியைத் தொடாமல் என்னென்ன சுற்று உண்டோ அத்தனையும் சுற்றினேன்.

அடுத்த சில நாட்கள் நான் மனிதனாக இல்லை. வண்டியைக் கண்ட இடத்தில் நிறுத்திக் கண்ணாடியில் நாக்கைப் பார்ப்பேன். கண்ணின் வெள்ளையைப் பார்ப்பேன். செவ்வந்தி ஏற்றிய நாளெல்லாம் கை மஞ்சளாகத் தெரியும், கழுவிக் கழுவித் தேய்ப்பேன். போனில் நோய் பற்றி ஒருவன் பேசுகிற வீடியோவைப் பாதியில் நிறுத்துவேன், பிறகு மறுபடி முதலிலிருந்து போடுவேன். ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுத் தட்டோடு கூடத்துக்கு வந்தபோது மாமியார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகம், கழுத்து, கை எல்லாம் மஞ்சளோ மஞ்சள். என் ரத்தத்தை இந்த அம்மாவுக்குத்தான் ஏற்றிவிட்டார்கள், ஈரல் போய்விட்டது என்று நினைத்துத் தட்டைக் கீழே போட்டுவிட்டேன்.

"என்ன மாப்ள? இன்னைக்குத்தான் தலைக்கு ஊத்திக்கிறச் சொன்னாங்க. மஞ்சள் தேச்சுக் குளிச்சேன்," என்றார் அவர்.

சிரிக்க வேண்டிய இடம். குனிந்து சிந்திய சோற்றை அள்ளினேன்.

ரத்த வங்கியிலிருந்து இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார்கள். சுருளி எடுக்கவில்லை. என் பேச்சைக் கேட்டுத்தான் எடுக்காமல் இருந்தான்.

போன் வந்த ஏழாம் நாள் பெண் வீட்டிலிருந்து வந்தார்கள். பெண் பெயர் அஸ்வினி, ஊர் செக்கானூரணி. அவள் அப்பா வெள்ளைத்துரை நிதானமான மனிதர், கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். காபி கொடுத்து, மண்டபம் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது தபால்காரர் வந்தார். வாசலோரம் உட்கார்ந்திருந்த வெள்ளைத்துரைதான் கை நீட்டி வாங்கினார். உறையின் மேல் ரத்த வங்கி என்று அச்சடித்திருந்தது. சுருளியின் பெயர் எழுதியிருந்தது.

"மாப்ள, பாராட்டுக் கடுதாசி போல. பிரிங்க, பாப்போம்," என்றார் அவர் சந்தோஷமாக.

சுருளி பிரித்தான். நாலே வரி. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வெள்ளைத்துரை காகிதத்தை மெதுவாக வாங்கிப் படித்தார். நீங்கள் தானம் செய்த ரத்தத்தின் பரிசோதனை முடிவு குறித்து நேரில் பேச வேண்டியிருக்கிறது, மறு பரிசோதனை தேவைப்படலாம், மூன்று முறை தொலைபேசியில் அழைத்தும் நீங்கள் வரவில்லை, அடுத்த அறிவுரை வரை ரத்ததானம் செய்ய வேண்டாம். நோயின் பெயர் அதில் இல்லை. இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பெயர் இல்லாததால் அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் அவரவருக்குத் தெரிந்த மோசமான பெயரை அதில் எழுதிக்கொண்டார்கள்.

வெள்ளைத்துரை கோபப்படவில்லை. காகிதத்தை மடித்துச் சுருளியின் கையிலேயே கொடுத்தார். "போயிப் பாத்துட்டு ரிப்போட்டோட வாங்க. பெறகு பேசுவோம். பொம்பளப் புள்ளய வச்சிருக்கேன், தப்பா நெனைக்காதீக."

சுருளி என்னைப் பார்த்தான். ஒரு நொடிதான். வாயைத் திறந்து, அது என் ரத்தம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் தப்பித்துவிடுவான். அதற்குப் பிறகு திவ்யாவைப் பார்த்தான். அவள் சுவரில் சாய்ந்து வயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"சரிங்க மாமா," என்றான் சுருளி.

நான் பேசவில்லை. நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்று சொன்னால் அது பொய். நன்றாகத்தான் இருந்தது. கோழைத்தனம், வேறொன்றுமில்லை.

அவர்கள் போன பிறகு வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. மாமியார் சுருளியைப் பிடித்துக்கொண்டு எங்கேடா போய்த் தொலைந்தாய், யாரோடு சேர்ந்தாய் என்று கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அவன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். திவ்யா அழவில்லை, திட்டவில்லை. சமையலறையில் அவனுடைய தட்டையும் டம்ளரையும் எடுத்துத் தனியாக ஜன்னலில் வைத்தாள். அவன் துண்டைக் கொடியில் எங்கள் துணியிலிருந்து தள்ளிப் போட்டாள். பிறகு என்னிடம் வந்து தணிந்த குரலில் சொன்னாள்:

"அவன் ரேசரு, சீப்பு எதையும் தொடாதீங்க. எனக்கு அவனை நெனச்சா நெஞ்சு பதறுது. ஆனா வயித்துல ஒண்ணு இருக்குல்ல, நான் என்ன செய்ய? நல்லவேளை, ஒங்க ரத்தத்த வேணாம்னு திருப்பி விட்டாங்க. அந்த ஊசி கீசி ஏதும் ஒங்க மேல படாமப் போச்சு."

அவள் கை என் தோளில் இருந்தது. எனக்கு அந்தக் கையைத் தட்டிவிடத் தோன்றியது. என்னைத் தொடாதே என்று கத்தத் தோன்றியது. "ம்," என்று மட்டும் சொன்னேன். அதற்கடுத்த நான்கு நாட்களும் நான் அவளோடு ஒரே தட்டில் சாப்பிடாமல், வண்டி வேலை அதிகம் என்று வண்டியிலேயே படுத்து, எட்ட எட்டவே இருந்தேன். அவள் அதைத் தம்பிக்காக நான் படுகிற கவலை என்று எடுத்துக்கொண்டாள்.

பதினோராவது நாள் திவ்யாவுக்கு அதே ஆஸ்பத்திரியில் மாதாந்திரச் செக்கப். அவளே முடிவு செய்தாள்: மூன்று பேரும் ஒன்றாகப் போவோம், அவளுடைய செக்கப் முடிந்ததும் சுருளியை நான் ரத்த வங்கிக்குக் கூட்டிப் போக வேண்டும். பஸ்ஸில் அவள் முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். நானும் சுருளியும் கடைசி சீட். செக்கானூரணி தாண்டும்வரை அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். பிறகு திரும்பாமலே பேசினான்.

"மச்சான், நான் யோசிச்சுட்டேன். மறுபடியும் ரத்தம் எடுப்பாய்ங்கள்ல, நான் என் கையக் குடுத்துர்றேன். எனக்கு ஒண்ணும் இருக்காது. இல்லைன்னு வந்துரும். மொதல்ல எடுத்தது மிஷின் தப்புன்னு எழுதிக் குடுத்துருவாய்ங்க. அந்தப் பேப்பரைக் கொண்டுபோய் அஸ்வினி அப்பாட்டக் காட்டிட்டாப் போதும்."

"ஊசிடா மாப்ள."

"கண்ண மூடிக்கிறேன். நீங்க தனியா வேற எங்கிட்டாவது போயி ஒங்க பேர்ல பாத்துக்கங்க. அக்காவுக்குப் பெரசவம் முடியட்டும். இப்பச் சொன்னா அவ தாங்க மாட்டா."

அந்தப் பையன் எனக்கு வழி போட்டுக் கொடுத்தான். அவன் மேல் விழுந்த பழியும் போய்விடும், என் மேல் பழி வரவே வராது, கல்யாணமும் நடக்கும். யாருக்கும் நஷ்டம் இல்லை. என் உடம்பில் இருந்த பாரமெல்லாம் இறங்கியது போல ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. முன் சீட்டில் திவ்யாவின் பின்னந்தலையும் மல்லிகைப்பூவும் தெரிந்தன. பிரசவத்துக்கு இன்னும் மூன்று மாதம். அதுவரை வாயை மூடிக்கொண்டிருப்பது பெரிய காரியமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ரத்த வங்கியில் ஆலோசகர் ஹஃபீஸா என்ற பெண்மணி. நாற்பது வயது இருக்கும், தலையில் முக்காடு, மேஜை மேல் ஒரு கட்டுப் பைல்கள். திவ்யா உள்ளே வரவில்லை. வெளியே பெஞ்சில் பையை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். ஹஃபீஸா என்னையும் வெளியே இருக்கச் சொன்னார். சுருளி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு இருக்கட்டும் மேடம்," என்றான்.

"தம்பி, மொதல்ல ஒண்ணு சொல்லிர்றேன். நீங்க நெனச்சுப் பயந்துட்டு வந்த நோய் இது இல்ல. ஒங்க ரத்தத்துல ஹெபடைட்டிஸ் சி இருக்கலாம்னு மொத டெஸ்ட் காட்டுது. ஈரல்ல உக்காருற கிருமி. இதுக்கு மாத்திரை இருக்கு. மூணு மாசம் சாப்பிட்டா அநேகமா எல்லாருக்கும் போயிரும். ஆனா மறுபடியும் ரத்தம் எடுத்து உறுதிப்படுத்தணும்."

நான் மூச்சு விட்டேன். அந்த மூச்சை முழுதாக விடுவதற்குள் அவர் தொடர்ந்தார்.

"கண்டுக்காம விட்டாத்தான் ஆபத்து. இருபது வருசம் ஒண்ணும் தெரியாது. தெரியிறப்போ ஈரல் சுருங்கிப் போயிருக்கும், சில பேருக்குப் புத்துநோய்ல கொண்டுபோய் விட்டுரும்."

"நான் குடுத்த ரத்தம் எங்கம்மாவுக்கு..." என்று சுருளி எனக்காகக் கேட்டான்.

"யாருக்கும் போகலை. டெஸ்ட் பண்ணாம ஒரு சொட்டு வெளிய போகாது. அந்தப் பையை அப்பவே அழிச்சாச்சு." அவர் பேனாவை எடுத்தார். "பச்சை குத்தியிருக்கீங்களா? வேற ஆள் ரேசர்ல சவரம்? ஊசி?"

"இல்ல மேடம்."

"கல்யாணம் ஆயிருச்சா?"

"இனிமேத்தான்."

"அப்போ ஒரு கவலை கொறைஞ்சுச்சு. ஒண்ணா உக்காந்து சாப்பிட்டா, தொட்டா, ஒரு டம்ளர்ல குடிச்சா இது வராது. ரத்தத்துல இருந்து ரத்தத்துக்குத்தான். புருசன்கிட்ட இருந்து பொண்டாட்டிக்கும் அபூர்வமாத்தான் போகும். ஆனா அவங்க கர்ப்பமா இருந்தா நாங்க சும்மா விட மாட்டோம், அவங்களையும் ஒடனே கூப்பிட்டுப் பாத்துருவோம். தாய்க்கு இருந்தா நூத்துல அஞ்சாறு புள்ளைகளுக்குப் போகும். முன்கூட்டியே தெரிஞ்சா டாக்டருக பெரசவத்தப்போ அதுக்குத் தக்கன கவனமா இருப்பாங்க, பொறந்த புள்ளையையும் விடாமப் பாப்பாங்க. தெரியலைன்னா அந்தப் புள்ளைக்கு யாரும் டெஸ்ட்டே எடுக்க மாட்டாங்க. அது பாட்டுக்கு வளரும்."

நூற்றில் ஐந்தாறு. நூற்றில் தொண்ணூற்று நாலு நல்லது என்று என் மூளை உடனே ஓடியது. அப்புறம் அந்த ஐந்தாறும் முகத்தோடு தெரிய ஆரம்பித்தன. யாரும் டெஸ்ட் எடுக்காத ஒரு பிள்ளை, அது பாட்டுக்கு வளர்ந்து, பள்ளிக்கூடம் போய், இருபது வயதில் ஒரு நாள் வயிறு வீங்கி ஏன் என்று தெரியாமல் என் எதிரே நிற்பது தெரிந்தது. அப்போதும் எனக்கு மட்டும் ஏன் என்று தெரிந்திருக்கும். இத்தனை நாள் நான் பயந்த பயமெல்லாம் என்னைப் பற்றியது என்று அப்போதுதான் உறைத்தது. இது வேறு பயம். இதில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

உள்ளே வந்த நர்ஸ் சுருளியின் முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டினார். பஞ்சில் துடைத்தார். அவன் கண்ணை இறுக மூடியிருந்தான். மேலுதட்டில் வியர்வை. நாற்காலியின் கால் தரையில் கடகடவென்று ஆடியது.

"தம்பி, ஏற்கனவே ஒரு பாட்டில் குடுத்த ஆளுதான நீங்க? இதுக்குப் போயி இப்படி நடுங்குறீங்க," என்றார் ஹஃபீஸா.

"அது அவன் குடுத்தது இல்ல மேடம்," என்றேன்.

சுருளி கண்ணைத் திறந்து, "மச்சான், வேணாம்," என்றான்.

"அது என் ரத்தம். எம்பேரு அழகுபாண்டி. அவன் கார்டக் காட்டி நான் குடுத்தேன். பச்சை குத்தியிருக்கேன்னு மொதல்ல என்னைய வேணாம்னுட்டாங்க. மத்தியானம் ஆள் மாறுனதும் வந்து பொய் சொல்லிக் குடுத்துட்டேன்." சட்டைக் கையைச் சுருட்டினேன். "என் வீட்டுக்காரி ஆறு மாசம். வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கா."

நர்ஸ் ரப்பர் பட்டையை அவிழ்த்தார். எனக்கு போலீஸ், கேஸ் என்று என்னென்னவோ ஓடியது. ஹஃபீஸா பைலை மூடினார், மறுபடி திறந்தார்.

"இந்தத் தம்பி கையில எடுத்திருந்தா இல்லைன்னு வந்திருக்கும். மொத டெஸ்ட் தப்புன்னு நானே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன்," என்றார். "அதுக்கப்புறம் ஒங்களை இந்த ஊர்ல யாரு தேடியிருப்பா? நாங்க தேடுறதுக்கு இருந்தது அந்த ஒரு பேருதான். அதையும் பொய்யா எழுதிட்டீங்க."

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். என் கையில் ரத்தம் எடுத்தார்கள். புதுக் குழாயில் என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார்கள். சுருளிக்கு ஒன்றுமில்லை, ஆள் மாறிப்போன சங்கதி என்று பெண் வீட்டுக்கு எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். மேலதிகாரியிடம் சொல்லித்தான் ஆக வேண்டும், அவர் என்ன செய்வார் என்று தெரியாது, ஆனால் பையனுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்து அவன் பெயரில் ரிப்போர்ட் தருவேன் என்றார். சுருளி அதற்கும் கையை நீட்டினான். இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டே இருந்தான், விழவில்லை.

"வீட்ல நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?" என்று ஹஃபீஸா கேட்டார்.

"நான் சொல்றேன்."

சுருளிதான் முதலில் வெளியே போனான். திவ்யா பெஞ்சில் ஒரு கை தள்ளி நகர்ந்து, நடுவில் பையை வைத்தாள். பிறகு அவன் கையிலும் பஞ்சு, என் கையிலும் பஞ்சு என்று பார்த்தாள்.

"ஒங்களுக்கு எதுக்கு எடுத்தாங்க?"

நின்றுகொண்டே சொன்னேன். உட்கார இடமிருந்தது, உட்காரத் தைரியம் இல்லை. சட்டை மாற்றியது, பொய் சொன்னது, மார்க்கெட்டில் போன் வந்தது, வெள்ளைத்துரை கடிதம் படித்தபோது வாயை மூடிக்கொண்டு நின்றது, எல்லாவற்றையும் சொன்னேன். நோயின் பெயரைச் சொன்னேன். மாத்திரை இருக்கிறது என்றேன். நூற்றில் ஐந்தாறு என்பதையும் சொன்னேன். வராந்தாவில் போகிறவர்கள் வருகிறவர்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக எனக்குத் தெரியாத முகமாக ஆகிக்கொண்டிருந்தது.

"ஒங்களுக்கு எத்தனை நாளாத் தெரியும்?" என்றாள்.

"போன் வந்து பதினோரு நாள் ஆச்சு."

"பதினோரு நாளு." அவள் அதைத் திருப்பிச் சொன்னாள். "அவனை நாயி மாதிரித் தள்ளி வச்சேன். ஒங்க கண்ணு முன்னாடி வச்சேன். பாத்துக்கிட்டே இருந்தீங்க."

"ஒனக்கும் புள்ளைக்கும் என்னமோன்னு பயந்துதான் திவ்யா..."

"எனக்குப் பயந்திருந்தா அன்னைக்கே என்னைய இங்க கூட்டியாந்திருப்பீங்க."

பஞ்சைக் கையில் அழுத்திக்கொண்டு நின்றேன்.

ஹஃபீஸா கதவருகே வந்து, "அம்மா, திவ்யா, வாங்க. கொஞ்சூண்டு ரத்தம்தான்," என்று கூப்பிட்டார். திவ்யா பெஞ்சின் கையைப் பிடித்து எழுந்தாள். சுருளி எழுந்து கை கொடுத்தான், கொடுத்தவன் பாதியில் தயங்கி நிறுத்தினான். அவள் அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். "நீ கூட வா," என்றாள் அவனிடம். ஊசியைப் பார்த்தால் சாய்கிற பையனைத்தான் கூட்டிக்கொண்டு போனாள்.

நானும் பின்னாலேயே இரண்டு எட்டு வைத்தேன்.

"ஒருத்தர் போதும்," என்றாள் திவ்யா, திரும்பிப் பார்க்காமல்.

கதவு சாத்திக்கொண்டது. ரிப்போர்ட் வர நாளை மத்தியானம் ஆகும் என்று உள்ளே ஹஃபீஸா அவளிடம் சொல்வது கேட்டது.